மலைத்தண்ணிக்கு மூணு பைப்பு



ஐப்பசி கார்த்திகை வந்தா பேப்பர்ல ஒரு வரி தவறாம வரும்: "எதிர்பாராத காட்டாற்று வெள்ளத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது." அந்த "எதிர்பாராத"ங்கிற சொல்லு மேலதான் எனக்குக் கோபம். மலையில மழை பெய்யும்னு எதிர்பார்க்க முடியாதா? ஓடைன்னா ஒரு நாள் தண்ணி வரும்னு எதிர்பார்க்க முடியாதா? வர்ற தண்ணி எவ்வளவுன்னு யாரும் உட்கார்ந்து கணக்குப் போடல. கணக்குப் போடாதவனுக்கு எல்லா வெள்ளமும் எதிர்பாராத வெள்ளம்தான்.

நான் எஞ்சினியர் இல்ல. மக்காச்சோளமும் பருத்தியும் போடுற சம்சாரி. ஊரு ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம்னு நினைச்சு அங்க போய் இறங்கிராதீங்க. இது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டைப் பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். அதனால சிமெண்டுக்கு எங்க பக்கம் பஞ்சம் கிடையாது. பஞ்சமெல்லாம் கணக்குக்குத்தான்.

மலை எங்களுக்குத் தூரம். மேக்க பாத்தா நீலமா ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். ஆனா எங்க தண்ணி அங்க இருந்துதான் வரணும். மேற்குத் தொடர்ச்சி மலையில பெஞ்சது நூறு ஓடையா இறங்கி, வைப்பாறா வெம்பக்கோட்டை அணைக்கு வருது. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைத்தண்ணி அர்ச்சுனா நதியா ஓடி, இருக்கன்குடியில வைப்பாறோட சேருது. மாரியம்மன் கோயில் அந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. அங்க பொங்கல் வைக்கப் போற சனங்களுக்கு ஆறுன்னா மணல். மலையடிவாரத்துல இருக்கிறவனுக்கு ஆறுன்னா பயம். ஒரே தண்ணிதான், ரெண்டு முகம்.

எங்க சம்பந்தி வீடு அந்த அடிவாரத்துல. அவங்க ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல ஒரு மலை ஓடை. அதுல மூணு சிமெண்ட் பைப்பைப் போட்டு, மேல மண்ணைக் கொட்டி, ரோட்டை இழுத்து விட்டிருந்தாங்க. எந்த ஆபீஸ் போட்டதுங்கிறது வேணாம், எல்லா ஆபீசும் இப்படித்தான் போடுது. முதல் பெருமழைக்கே மூணு பைப்பு வாயும் கல்லும் மரமுமா அடைச்சுக்கிச்சு. ரோடு அணைக்கட்டா மாறி, தண்ணி தேங்கி, ஓரமா ஒரு வழி கண்டுபிடிச்சு சம்பந்தி காட்டுக்குள்ள புகுந்துச்சு. கதிர் வாங்கி நின்ன மக்காச்சோளம் ஒண்ணரை ஏக்கர் போச்சு. சோளம் போனா அடுத்த வருசம் போட்டுக்கலாம். மேல்மண்ணும் சேந்து போச்சே, அதை யார் தருவா? இப்ப அந்த ஒண்ணரை ஏக்கர்ல உருண்டைக் கல்லும் சரளையும்தான் கிடக்கு.

மறு வருசம் ரோட்டைச் சரி பண்ண வந்தாங்க. அதே இடத்துல, அதே அளவுல, அதே மூணு பைப்பு. வந்த தம்பிகிட்ட நான் கேட்டேன்: "தம்பி, இந்த ஓடையில செகண்டுக்கு எவ்வளவு தண்ணி வரும்னு எஸ்டிமேட்டுல எழுதியிருக்கு?" அவர் நல்ல பையன். சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்கெல்லாம் டைப் டிசைன் இருக்கு. எல்லா ஓடைக்கும் இதுதான்."

எல்லா ஓடைக்கும் இதுதானாம்! எல்லாக் காலுக்கும் ஒரே செருப்புன்னு சொன்னா செருப்புக் கடைக்காரரே நம்மளை வெளிய அனுப்பிருவாரு.

அந்தப் பதில்தான் என்னைக் கணக்கு படிக்க வச்சது. பாலிடெக்னிக் படிச்ச எங்க மருமகனைப் பக்கத்துல உட்கார வச்சுக் கத்துக்கிட்டேன். பெரிய வித்தை எதுவும் இல்ல. பெருக்கல் தெரிஞ்சா போதும். நீங்களும் கூட வாங்க.

மலை ஓடையில முதல்ல கேக்க வேண்டியது நேரம். மலை உச்சியில விழுந்த துளி நம்ம பாலத்துக்கு வந்து சேர எத்தனை நிமிஷம்? இதுக்கு 1940ல கிர்பிச்னு ஒரு அமெரிக்கர் சூத்திரம் கொடுத்தார். அதுவும் டென்னசி மாநிலத்து விவசாய நிலங்கள்ல எடுத்த அளவுகளை வச்சு. ஓடை 4 கிலோமீட்டர் நீளம், உச்சிக்கும் பாலத்துக்கும் 600 மீட்டர் இறக்கம்னு வச்சுக்கோங்க. நம்ம மலையில இது சாதாரணம். சூத்திரத்துல போட்டா 24 நிமிஷம் வருது. ஒரு சீரியல் எபிசோட் ஓடுற நேரம். அதுக்குள்ள மலை முழுக்க விழுந்த தண்ணி ஒண்ணா உங்க காலடிக்கு வந்துருது.

2015 மே மாதம், சதுரகிரியில அமாவாசைக்குப் போன பக்தர்கள் ஓடையில அடிச்சுட்டுப் போகப்பட்டு செத்தாங்களே, ஆயிரக்கணக்கானவங்க மலையில மாட்டிக்கிட்டாங்களே, அவங்களை ஏமாத்தினது இந்த நேரம்தான். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல குளிச்சுக்கிட்டிருந்தப்ப ஒரு பதினேழு வயசுப் பையனைத் தண்ணி கொண்டு போச்சு. செல்போன்ல அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பாத்தீங்க. சனங்க ஓடுறதுக்கும் தண்ணி வந்து சேர்றதுக்கும் நடுவுல எத்தனை செகண்டு இருந்துச்சுன்னு எண்ணிப் பாத்தீங்களா? மலைத்தண்ணி சொல்லிட்டு வர்றதில்ல. ஆனா வரும்ங்கிறதை முன்னாலயே கணக்காச் சொல்ல முடியும்.

ரெண்டாவது, மழையோட வேகம். டிவியில சொல்ற மழை காலை எட்டரை மணியில இருந்து மறுநாள் எட்டரை மணி வரைக்கும் சேத்து அளந்தது. "திருவில்லிபுத்தூரில் 4 சென்டிமீட்டர்"னு சொன்னா, நாள் முழுக்கத் தூறலா விழுந்ததா, இல்ல அரை மணியில கொட்டித் தீத்ததான்னு அதுல தெரியாது. ரெண்டும் ஒண்ணா? எங்க கரிசக்காட்டுக்குத் தூறல் வரம். ஓடைக்குக் கொட்டுறதுதான் கணக்கு. 24 நிமிஷத்துல மலை இறங்குற ஓடைக்கு, அந்த 24 நிமிஷ மழை எவ்வளவு வேகமா பெஞ்சுச்சுங்கிறது மட்டும்தான் வேணும். அதுலயும் மழைமானி பெரும்பாலும் தாலுகா ஆபீசுலயும் அணைக்கட்டுலயும் இருக்கு. மேகம் உடையறது உச்சியில.

மூணாவது, விழுந்ததுல எவ்வளவு ஓடி வருதுங்கிறது. எங்க கரிசல் மண்ணை எடுத்துக்கோங்க. கோடையில கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். முதல் மழையை அப்படியே குடிச்சிரும். குடிச்சு, ஊறி, வெடிப்பு மூடிட்டா, அடுத்த மழையை ஒரு சொட்டு உள்ள விடாது. அதே காடுதான், அதே மண்ணுதான், ஆனா நாளுக்கு நாள் ஓடுற பங்கு மாறுது. மலையிலயும் அப்படித்தான். பாறை ஒரு மாதிரி, சருகு மூடின சோலை ஒரு மாதிரி, மரத்தை வெட்டிட்டுப் போட்ட தரிசு ஒரு மாதிரி.

அந்த நேரத்து மழை வேகத்தையும், ஓடி வர்ற பங்கையும், மலைப் பரப்பையும் பெருக்கினா வெள்ளம். 1851லயே அயர்லாந்துல மல்வானிங்கிற எஞ்சினியர் சொல்லிட்டுப் போன கணக்கு. நம்ம ஓடைக்குத் தண்ணி தர்ற மலைப் பரப்பு 5 சதுர கிலோமீட்டர்னு வைங்க. மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்துல மழை. விழுந்ததுல நூத்துக்கு அறுபது ஓடி வருது. பெருக்கினா செகண்டுக்கு 50 கன மீட்டர். கன அடியில 1,765 சொச்சம்.

பயந்துட்டீங்களா? மணிக்கு 60 மில்லிமீட்டர்னா 24 நிமிஷத்துல விழுறது 24 மில்லிமீட்டர்தான். ரெண்டரை சென்டிமீட்டர்கூட முழுசா இல்ல. சென்னையில இதுக்கு லீவு விடக்கூட மாட்டாங்க. நனைஞ்ச மலையில அந்தச் சின்ன மழைக்கே 50 கன மீட்டர் இறங்குது. உங்க தெருவுக்கு வருதே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அது செகண்டுக்கு நாலு வந்து கவுந்தா எப்படி இருக்கும்? அதான் 50 கன மீட்டர்.

இப்ப பைப்புக்கு வாங்க. ஒரு மீட்டர் விட்டத்துல மூணு பைப்பு. ஒரு குப்பைகூட அடைக்கலன்னு வைங்க. செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல தண்ணி ஓடினாலும் மூணுலயும் சேத்து 7 கன மீட்டர்தான் போகும். அரை லாரிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் மூணரை லாரி எங்க போகும்? சம்பந்தி காட்டுக்குத்தான் போகும்.

"அப்படி இல்லைங்க, நாங்க சூத்திரம் போட்டுத்தான் கட்டுறோம்"னு சில பேர் சொல்வாங்க. சரி, என்ன சூத்திரம்? ரைவ்ஸ் சூத்திரம். 1884ல அந்தக் காலத்து மெட்ராஸ் மாகாணத்துக்காக வந்தது. பரப்பு ஒண்ணை மட்டும் கொடுத்தா போதும், வெள்ளத்தைச் சொல்லிரும். கிழக்குக் கடற்கரையில இருந்து 80 கிலோமீட்டருக்குள்ளன்னா 6.8ஆல பெருக்கு, 80ல இருந்து 160 வரைக்கும்னா 8.5, மலையை ஒட்டின இடம்னா 10.2. நம்ம 5 சதுர கிலோமீட்டருக்கு 8.5 போட்டா 25 கன மீட்டர், 10.2 போட்டா 30. எந்த வரியில விரலை வைக்கிறோம்ங்கிறதுலயே 5 கன மீட்டர் போயிருது.

ரைவ்ஸை நான் குறை சொல்லல. அவர் காலத்துல கையில இருந்த தகவலுக்கு அது நல்ல வேலை. ஆனா அந்தச் சூத்திரத்துல மழையோட வேகம் எங்க இருக்கு? மலைச் சரிவு எங்க இருக்கு? காடா தரிசாங்கிற கேள்வி எங்க இருக்கு? 140 வருசத்துக்கு முந்தின கணக்கு, அதையும் போடாம டைப் டிசைன்! ரைவ்ஸோட குறைஞ்ச கணக்குப்படி பாத்தாக்கூட மூணு பைப்பு போதாது. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதையாவது ஒழுங்காப் போடுங்கன்னு கேக்க வேண்டிய நிலைமை.

சரி, 25ஆ, 30ஆ, 50ஆ, எது சரி? ஓடைகிட்டயே கேக்கலாம். அங்க ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர், ஓடைக்கரை மருத மரத்துல செத்தை ஒதுங்கின உயரத்தைக் காட்டினார். "தண்ணி இம்புட்டு வந்துச்சுய்யா"ன்னு நெஞ்சுக்கு நேரா கையை வச்சார். அந்தச் செத்தைக் கோடுதான் ஓடை எழுதி வச்ச ரசீது. வெள்ளம் வடிஞ்ச ரெண்டு நாளைக்குள்ள போய், அந்தக் கோட்டை நாலு இடத்துல அளந்து, ஓடையோட அகலம், ஆழம், சரிவு எடுத்தா, வந்த தண்ணியைப் பின்னால இருந்து கணக்குப் போட்டுறலாம். மானிங் சூத்திரம்னு எல்லாக் கல்லூரியிலயும் சொல்லித் தர்றாங்க. 12 மீட்டர் அகலம், ஒண்ணரை மீட்டர் ஆழம், நூறு மீட்டருக்கு 2 மீட்டர் இறக்கம், கல்லு நிறைஞ்ச படுகைன்னு வச்சுக்கோங்க. செகண்டுக்கு 57 கன மீட்டர் வருது. மழைக் கணக்கு 50 சொல்லுது, ஓடை 57 சொல்லுது, சூத்திரப் புத்தகம் 30 சொல்லுது, கட்டினது 7க்கு. இதுல எது எதிர்பாராததுன்னு நீங்களே சொல்லுங்க.

அந்தப் பெரியவர்கிட்ட இதுவரைக்கும் எந்த ஆபீசரும் வந்து கேக்கலையாம். கேக்க அரை மணி நேரமும் ஒரு டீச் செலவும்தான் ஆகும்.

இன்னொண்ணும் இருக்கு. மலை ஓடையில வர்றது தண்ணி மட்டும் இல்ல. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது உருட்டுற கல்லோட எடை 64 மடங்கு ஆகும்னு நீரியல்ல ஒரு விதி. நேத்து கூழாங்கல்லை உருட்டின ஓடை இன்னைக்கு ஆட்டுக்கல்லை உருட்டும், நாளைக்கு ஆளு உசரப் பாறையை உருட்டும். வேரோட வந்த மரம் பைப்பு வாயில குறுக்க விழுந்தா, 7 கன மீட்டரும் பூஜ்யம் ஆயிரும். அதனால மலை ஓடைக்குப் பைப்பே ஆகாதுங்கிறது என் கட்சி. சமவெளி வாய்க்காலுக்குப் போடுங்க, யாரு வேண்டாம்னா?

"காசு இல்லையே"ங்கிற பதில் வரும்னு தெரியும். எல்லா ஓடைக்கும் பெரிய பாலம் கட்டுங்கன்னு நான் கேக்கவே இல்ல. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல தண்டவாளத்துக்கு அடியில மண்ணு போய், 800 பயணிகளோட ரயில் நின்னுச்சு. அந்த மாதிரி மழையை எந்த ஓடைப் பாலமும் தாங்காது. தாங்கணும்னு கேக்குறதும் நியாயம் இல்ல. 50 வருசத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளத்துக்குக் கட்டின பாலம்கூட, அதோட 30 வருச ஆயுசுல ஒரு தடவையாவது மிஞ்சுறதுக்கு நூத்துக்கு 45 வாய்ப்பு இருக்கு. 50 வருச வெள்ளம்னா 50 வருசத்துக்கு நிம்மதின்னு அர்த்தம் இல்ல.

அதனாலதான் கேக்குறேன். மிஞ்சும்போது என்ன நடக்கணும்னு முதல்லயே தீர்மானிச்சுக் கட்டுங்க. காசு குறைவுன்னா தரைப்பாலம் போடுங்க. ஓடைப் படுகையோட மட்டத்துக்கு ரோட்டைத் தாழ்த்தி, கான்கிரீட் தளம் போட்டு, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஆழமா தடுப்புச் சுவர் இறக்கி, தண்ணி விழுற இடத்துல பெரிய கல் பதிச்சு விடுங்க. வெள்ளம் மேல ஓடிட்டுப் போகட்டும். அளவுக் கம்பு நட்டு, முழங்காலுக்கு மேல ஓடினா யாரும் இறங்கக் கூடாதுன்னு கயிறு கட்டுங்க. மலைத்தண்ணி ஏறின வேகத்துல இறங்கிரும். சில மணி நேரம் காத்திருந்தா போதும். பள்ளிக்கூட வேனும் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏத்துற வேனும் தாமதமாப் போகும். தாமதமாப் போனா பரவாயில்ல, போய்ச் சேரணும்ல. பைப் போட்டு மண்ணை உசத்திக் கட்டின ரோட்டுல நடக்குறது வேற. மேல பாக்க ரோடு இருக்கும், அடியில மண்ணு போயிருக்கும். முத வண்டி போனாத்தான் தெரியும்.

போக்குவரத்து அதிகம், கட்டாயம் பாலம்தான் வேணும்னா, 50 கன மீட்டருக்கு 17 சதுர மீட்டர் திறப்பு வேணும். ஏழு மீட்டர் அகலம், ரெண்டரை மீட்டர் உயரம், நடுவுல தூண் இல்லாம. செலவுதான். ஆனா ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவை அடிச்சுட்டுப் போன பைப்பு ரோட்டோட செலவையும், சம்பந்தி மண்ணோட விலையையும் கூட்டிப் பாத்துட்டுப் பேசுவோம்.

கணக்கு தப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்குப் பெரிய உதாரணமும் நாட்டுல இருக்கு. குஜராத்துல மச்சு ரெண்டாவது அணை, செகண்டுக்கு 5,663 கன மீட்டர் போகுற மாதிரி கலிங்கு கட்டியிருந்தாங்க. 1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி 16,000 கன மீட்டருக்கு மேல வந்துச்சு. மோர்பி நகரமே போச்சு, ஆயிரக்கணக்கான சனம் செத்தாங்க. அதுக்கப்புறம் திரும்பக் கட்டும்போது 21,000க்குக் கட்டினாங்க. ஓடைப் பாலத்துல அவ்வளவு உயிர் போகாது. ஒண்ணு ரெண்டா போகும், ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கராப் போகும். அதனாலதான் யாரும் கணக்குப் பாக்குறதில்ல.

எங்க பக்கம் பட்டாசு ஆலை கட்டுறதுக்கு முன்னால, ஒரு அறையில எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எத்தனை அடின்னு விதி இருக்கு. விதியை மீறுறாங்க, விபத்து நடக்குது, அது வேற சண்டை. ஆனா விதி இருக்கிறதாலதான், "நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல பத்துப் பேர் இருந்தாங்க"ன்னு நம்மால கேக்கவாவது முடியுது. ஓடைப் பாலத்துல அந்த எண்ணே ஊருக்குத் தெரியாது. என்னன்னு கேப்பீங்க?

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மலையடிவாரத்துல பண்ணை வீட்டுக்கு பிளாட் வாங்குறவங்கள்ல நீங்களும் இருக்கீங்க. வாங்குறதுக்கு முன்னால பழைய புலப்படத்துல ஓடை எங்க ஓடுதுன்னு பாருங்க. ஓடைக்கு மேல போட்ட பிளாட்டும் பைப்பும் ஒரே குத்தம்தான். விவசாயி மட்டும் யோக்கியன்னு நான் சொல்ல வரல. ஓடைப் புறம்போக்குல நாலு சால் கூட உழுத சம்சாரி எல்லா ஊர்லயும் உண்டு. அவனுக்கும் இது சேத்துத்தான்.

நான் கேக்குறது ஒரு பலகை. பாலம் கட்டினா திட்டத்தோட பேரு, தொகை, திறந்து வச்சவர் பேரு எல்லாம் எழுதுறீங்கள்ல? அதுக்குக் கீழ நாலு எண் சேத்து எழுதுங்க. தண்ணி தர்ற பரப்பு எத்தனை சதுர கிலோமீட்டர். எத்தனை வருசத்து வெள்ளத்துக்குக் கட்டினது. செகண்டுக்கு எத்தனை கன மீட்டர் வரும். இந்தத் திறப்புல எத்தனை கன மீட்டர் போகும். கடைசி ரெண்டு எண்ணையும் பாத்தா ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிஞ்சுரும், பாலம் நிக்குமா நிக்காதான்னு.

இப்ப வருசத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அக்டோபர் 2 கூட்டம் மழைக்கு முன்னால வருது. உங்க சொந்த ஊருக்கு லீவுல வந்தீங்கன்னா ஒரு தடவை போய் உட்காருங்க. "நம்ம ஓடைப் பாலம் எத்தனை கன மீட்டருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் இல்லைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க. சம்பந்தி ஊர்ல இந்தத் தடவை எழுதிக் கொடுத்திருக்கோம். என்ன பதில் வருதுன்னு வந்ததும் இங்கயே போடுறேன்.